எந்த விதி, சார்?

கல்லூரி முதல்வர்களுக்கும், துணைவேந்தர்களுக்கும், ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், குறிப்பாக ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்களில் உட்காரும் என் சக ஆசிரியர்களுக்கும்

வணக்கம்.

31 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். அதில் 6 ஆண்டுகள் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிலும் இருந்தேன். இந்த மடலை என்னை எழுத வைப்பது அந்த 6 ஆண்டுகள்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அவற்றில் ஒரே ஒரு பிற்பகல்.

இரவு 9 மணிவரை திறந்திருந்த நூலகத்தை, ஆள் பற்றாக்குறை என்று சொல்லி மாலை 5 மணிக்கே பூட்டத் தொடங்கியிருந்தார்கள். விடுதி மாணவர்கள் மனு கொடுத்தார்கள். ஒரு மாதம் பொறுத்து இன்னொரு மனு. இரண்டுக்கும் பதில் இல்லை. ஒரு திங்கட்கிழமை, கதவு பூட்டப்பட்ட பிறகு, 17 பேர் நூலகப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார்கள். கோஷம் கிடையாது, ஆளுக்கொரு புத்தகம். இருட்டியதும் செல்பேசி வெளிச்சத்தில் படித்தார்கள். சுவரில் ஓர் அட்டை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது: 'படிக்க இடம் வேண்டும்.' 9 மணிக்கு எழுந்து, கீழே கிடந்த தாள்களையும் காலி பாட்டில்களையும் பொறுக்கிக்கொண்டு போனார்கள். மறுநாளும் வந்தார்கள். நான்காம் நாள், விளக்கம் கேட்டு 17 பேருக்கும் மெமோ போனது.

எங்கள் குழு கூடிய அறையில் ஒரு நீள மேசை. ஒரு பக்கம் எங்கள் ஐந்து பேருக்கும் நாற்காலி, மறுபக்கம் எதுவும் இல்லை. ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். மூன்றாவதாக வந்தவள் இரண்டாம் ஆண்டு மாணவி. கையில் மெமோவை நான்காக மடித்து வைத்திருந்தாள். "கல்லூரியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்திருக்கிறாய்" என்றார் தலைவர். அவள் மெமோவைப் பிரித்து, ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எந்த விதி, சார்?"

மேசை மேல் விதிநூல் இருந்தது. ஐந்து பேரில் ஒருவரும் அதைத் தொடவில்லை. "எதிர்த்துப் பேசுவதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்" என்று தலைவர் எழுத்தரிடம் சொன்னார். எழுத்தர் குறித்துக்கொண்டார். மூன்று வாரம் இடைநீக்கம் என்று முடிவானது. தாள் என்னிடம் வந்தது, நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த மூன்று வாரத்துக்குள் செய்முறைத் தேர்வு வந்து போனது. அவளுக்கு ஓராண்டு வீணானது.

அன்றிரவு விதிநூலை வீட்டுக்கு எடுத்துப்போய் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். படிக்கட்டில் உட்காரக் கூடாது என்று எங்கும் இல்லை. அமைதியாகக் கூடக் கூடாது என்றும் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது: நிர்வாகம் தகாதது எனக் கருதும் எந்தச் செயலும் தண்டனைக்குரியது.

ஐயா, அம்மா, உங்கள் விதிநூலின் கடைசிப் பக்கத்தைத் தயவுசெய்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அப்படி ஒரு வரி அங்கும் இருக்கக்கூடும். இருந்தால், அதற்கு முன்னால் உள்ள அத்தனை பக்கங்களும் வெறும் தாள்கள்தான். எது குற்றம் என்று முன்கூட்டியே சொல்லாத விதியை யாரும் மதித்து நடக்க முடியாது. அதைப் பார்த்துப் பயப்பட மட்டும்தான் முடியும்.

இது எங்கள் கல்லூரியில் மட்டும் நடந்த கூத்து என்று நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, இதே கேள்வி பல ஆண்டுகளுக்கு முன்பே நீதிமன்றம் ஏறியிருக்கிறது. 1960 பிப்ரவரியில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகர் மான்ட்கோமரியில், கறுப்பின மாணவர்கள் நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்திலிருந்த சிற்றுண்டிச்சாலைக்குள் போய், மற்றவர்களைப் போலத் தங்களுக்கும் பரிமாறும்படி கேட்டார்கள். வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கிய இடம் அது. மறுத்துவிட்டார்கள். சில நாட்களில் அலபாமா மாநிலக் கல்லூரியிலிருந்து 9 மாணவர்கள் நீக்கப்பட்டார்கள். அவர்களை யாரும் விசாரிக்கவில்லை. நீக்கல் கடிதத்தில் குறிப்பிட்ட குற்றம் எதுவும் எழுதப்படவில்லை. வழக்கு வந்தபோது, அவர்களை நீக்க வாக்களித்த கல்வி வாரிய உறுப்பினர்களே ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பில் இந்த இடத்தைப் படித்தபோது, எங்கள் நீள மேசையும் திறக்கப்படாத விதிநூலும்தான் என் கண்முன் வந்தன.

1961ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது எளிமையானது. அரசு நடத்தும் கல்லூரி ஒரு மாணவரை ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றும் முன், அவர் செய்த தவறு என்ன என்று அவருக்குச் சொல்ல வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த 9 பேரின் ஆவணங்களிலிருந்து நீக்கத்தைத் துடைத்தெடுக்க 2018 ஆகிவிட்டது. 58 ஆண்டுகள். கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

'மாணவர்கள் படிக்க வந்தார்களா, போராட வந்தார்களா?' என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பல முறை கேட்டவன்தான். ஒரு சான்றைப் பார்த்து, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவைப் பிறர் முன் எடுத்து வைத்து, மறுப்பு வந்தால் பதில் சொல்வதைத்தானே நாம் வகுப்பில் சொல்லித்தருகிறோம்? ஆய்வேட்டில் இதைச் செய்தால் மதிப்பெண் போடுகிறோம். நூலக நேரத்தைப் பற்றியோ, விடுதிக் கட்டணத்தைப் பற்றியோ, ஒரு போரைப் பற்றியோ வளாகத்தில் செய்தால் மெமோ கொடுக்கிறோம். வகுப்பறைக்குள் ஒரு மாணவர், வாசலைத் தாண்டியதும் வேறொரு மாணவர் என்று எவரும் இருக்க முடியாது. கேள்வி கேட்கப் பழக்கிவிட்டு, நம்மை மட்டும் கேட்காதே என்றால் அவர்கள் மனத்தில் பதிவது இரண்டாவது பாடம்தான்.

பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கதையை உங்களில் பலர் அறிவீர்கள். 1964 செப்டம்பரில், வளாக வாசலில் மேசை போட்டு அரசியல் துண்டறிக்கை கொடுப்பதற்கு அங்கே தடை வந்தது. அக்டோபர் 1ஆம் தேதி, மேசை போட்டிருந்த ஒருவரைக் கைது செய்து காவல் வண்டியில் ஏற்றினார்கள். மாணவர்கள் வண்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். 32 மணி நேரம் வண்டி நகரவில்லை. மேரியோ சேவியோ என்ற மாணவர் வண்டியின் கூரை மேல் ஏறிப் பேசினார், ஏறும்முன் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு. அந்தக் காலணியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கோபத்தின் உச்சியில் இருந்த ஓர் இளைஞருக்கு, ஏறுகிற இடம் பாழாகக் கூடாது என்ற நினைப்பு இருந்திருக்கிறது. எங்கள் படிக்கட்டிலும் காலி பாட்டிலைப் பொறுக்கிக்கொண்டுதானே போனார்கள்.

அந்த டிசம்பரில் நிர்வாகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்த ஏறத்தாழ 800 பேர் கைதானார்கள். சில நாள் கழித்து, டிசம்பர் 8 அன்று, பல்கலைக்கழக ஆசிரியர் பேரவை கூடியது. பேச்சின் உள்ளடக்கத்தைப் பல்கலைக்கழகம் கட்டுப்படுத்தக் கூடாது, எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த முறையில் என்பதை மட்டும் நியாயமாக ஒழுங்குபடுத்தலாம் என்ற தீர்மானத்துக்கு 824 பேர் ஆதரவாகவும் 115 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். இன்று அந்தக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு மேரியோ சேவியோவின் பெயர்தான். அன்று அவரைத் தண்டித்த அதே நிறுவனம் வைத்த பெயர்.

இந்த மடலில் ஒரு பத்தியை மட்டும்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது அந்தத் தீர்மானத்தைப் பற்றியதாக இருக்கட்டும். என்ன பேசினார்கள் என்பது நிர்வாகத்தின் கவலை அல்ல. எங்கே, எப்போது, எப்படி என்பதில் விதி வையுங்கள், தாராளமாக. தேர்வு நடக்கும் கூடத்துக்கு வெளியே ஒலிபெருக்கி கூடாது என்பது நியாயமான விதி. தீயணைப்பு வழியை அடைக்கக் கூடாது என்பதும் நியாயம்தான். ஆனால் அதே விதி எல்லோருக்கும் ஒரேமாதிரி பொருந்த வேண்டும். எனக்கு ஒரு சோதனை உண்டு. ஓர் ஆணையில் கையெழுத்திடும்முன், அந்த மாணவர்கள் பிடித்திருக்கும் அட்டையில் நேரெதிரான வாசகம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்தை வாழ்த்தும் வாசகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இதே இடைநீக்கம் செய்வீர்களா? 'மாட்டேன்' என்று மனம் சொன்னால், நீங்கள் தண்டிப்பது அவர்கள் உட்கார்ந்ததை அல்ல. எங்கள் நூலகப் படிக்கட்டில் வெற்றிக் கோப்பையோடு ஓர் அணி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தால், நாங்களும் போய்ப் பக்கத்தில் நின்றிருப்போம்.

அனுமதிப் படிவங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் படிவத்தில், பேசப்போகிறவர்களின் பெயரையும் பேச்சின் சுருக்கத்தையும் பத்து நாள் முன்னதாக எழுதித்தரச் சொல்லியிருந்தது. இன்று காலை வந்த ஓர் உத்தரவைப் பற்றிப் பத்து நாள் கழித்துத்தான் வாய் திறக்கலாம் என்றால், அதற்குப் பெயர் அனுமதி அல்ல. முன்னறிவிப்புக் கேளுங்கள், தவறில்லை. இடம் ஒதுக்கவும் பாதுகாப்புக்கு ஆள் நிறுத்தவும் அது உதவும். பேச்சின் சுருக்கம் உங்களுக்கு எதற்கு?

'பிரச்சினை வந்துவிடுமோ என்ற அச்சம்' என்பது நான் பார்த்த பெரும்பாலான குறிப்புகளில் இருந்த சொல். யாருக்கு என்ன பிரச்சினை என்று எழுதியிருக்காது. அமெரிக்காவின் டெமாய்ன் நகரில், வியட்நாம் போருக்கு எதிராகக் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்ததற்காக 1965ல் சில பள்ளிப் பிள்ளைகள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் ஒருத்திக்கு வயது 13. அதே அச்சத்தைத்தான் அங்கும் காரணமாகச் சொன்னார்கள். குழப்பம் வருமோ என்ற பொத்தாம்பொதுவான பயம் ஒருவரின் வாயை அடைக்கப் போதாது என்று 1969ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கே அது பொருந்தும் என்றால், வாக்களிக்கும் வயது வந்தவர்களைப் பற்றி என்ன சொல்ல?

'போராட்டம் என்றாலே இடைஞ்சல்தானே' என்பார்கள். ஆம், கொஞ்சம் இடைஞ்சல்தான். யாருக்கும் தெரியாமல், யார் வழியிலும் படாமல் நடக்கும் போராட்டத்தை நாம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த 17 பேரின் இரண்டு மனுக்களும் யாருக்கும் இடைஞ்சல் தராமல் கோப்பில்தான் இருந்தன. ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைக் குழு, அமைதியாகக் கூடும் உரிமைக்கு 2020ல் விளக்கவுரை ஒன்றை வெளியிட்டது. தள்ளுமுள்ளோ, போக்குவரத்துக்கும் அன்றாட வேலைகளுக்கும் நேரும் இடைஞ்சலோ மட்டும் வன்முறை ஆகாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. கூட்டத்தில் யாரோ ஒருவர் கல்லெறிந்தால், அந்தக் குற்றத்தை மற்றவர் தலையில் கட்டக் கூடாது என்றும் சொல்கிறது. நம் குழுக்களில் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. கண்காணிப்புக் கேமராவில் முகம் தெரிந்த எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் மெமோ, பெயரை மட்டும் மாற்றி.

வெளியிலிருந்து ஆயுதப் படையை வளாகத்துக்குள் அழைப்பதைப் பற்றி எழுதும்போது என் கை தயங்குகிறது, ஆனாலும் எழுதுகிறேன். 1970 மே 4, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். தடை விதிக்கப்பட்ட கூட்டம் ஒன்றைக் கலைக்க நிறுத்தப்பட்டிருந்த தேசியக் காவல் படையினர் 13 நொடிகளில் 67 முறை சுட்டார்கள். 4 மாணவர்கள் இறந்தார்கள், 9 பேர் காயம்பட்டார்கள். இறந்த நால்வரில் இருவர் போராட்டத்தில் கலந்துகொள்ளவே இல்லை, ஒரு வகுப்பு முடிந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டிருந்தவர்கள். அந்தத் துப்பாக்கிச் சூடு தேவையற்றது, மன்னிக்க முடியாதது என்று அதிபர் அமைத்த விசாரணை ஆணையமே பிறகு சொன்னது. வளாகத்துக்குள் ஆயுதம் வந்தபின், என்ன நடக்கும் என்பது முதல்வரின் கையில் இல்லை. உயிருக்கு ஆபத்து கண்ணெதிரே இருந்தாலன்றி அந்தத் தொலைபேசியை எடுக்காதீர்கள். எடுக்கும்முன் ஒருமுறையாவது மாடியிலிருந்து இறங்கி, அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நடந்துபோங்கள். எங்கள் நூலகத்துக்கும் முதல்வர் அறைக்கும் இடையே இருநூறு அடிகூட இருக்காது. நான்கு நாளில் அந்த இருநூறு அடியை யாரும் நடக்கவில்லை. நானும்தான்.

எல்லாவற்றையும் அனுமதியுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு மாணவரைக் குறிவைத்து மிரட்டுவது கருத்து ஆகாது. ஒருவரின் சாதியையோ மதத்தையோ இனத்தையோ சொல்லி விடுதி அறைவரை துரத்தித் துரத்தி அவமதிப்பதும் கருத்து ஆகாது. உடைமையைக் கொளுத்துவதும், அடிப்பதும், தேர்வெழுத வருபவரைத் தடுப்பதும் தண்டிக்கப்பட வேண்டியவைதான். மாணவர்களுக்கும் இதில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அவர்கள் பக்கம் நிற்பவன் என்ற முறையில். அழைத்து வரப்பட்ட ஒரு பேச்சாளரைப் பேசவே விடாமல் கூச்சலிட்டு அடக்குவது, நமக்கு நடந்ததை இன்னொருவருக்குச் செய்வதுதான். வாசலில் நின்று எதிர்ப்பைச் சொல்லுங்கள். உள்ளே போய்க் கடுமையான கேள்வியைக் கேளுங்கள். முதுகைத் திருப்பிக்கொண்டு நில்லுங்கள், எழுந்து வெளியேறுங்கள், அதே நேரத்தில் போட்டிக் கூட்டம் நடத்துங்கள். ஒலிவாங்கியை மட்டும் பிடுங்காதீர்கள்.

இதையே நிர்வாகங்கள் சாக்காக்கிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். யாரோ மிரட்டல் விடுப்பார்கள், உடனே 'பாதுகாப்புக் காரணங்களுக்காக'க் கூட்டம் ரத்தாகும். மிரட்டியவருக்கு ஒன்றும் ஆகாது. பேச வந்தவர் திரும்பிப் போவார். இப்படி ஒருமுறை ரத்து செய்தால், அடுத்த மிரட்டலுக்கு நாமே விலாசம் எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். பாதுகாப்பு தேவையென்றால் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் கொடுங்கள்.

தண்டனை என்று பெயர் வைக்காமல் கொடுக்கப்படும் தண்டனைகளும் இருக்கின்றன. உதவித்தொகைக் கோப்பு நகராமல் நிற்கும். விடுதி அறை திடீரென மாறும். பெற்றோருக்குத் தொலைபேசி போகும், 'உங்கள் பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துச் சொல்கிறோம்' என்று. அந்த ஒரு வாக்கியத்துக்கு இருக்கும் பலம் எந்த மெமோவுக்கும் கிடையாது. அந்த மாணவியின் அப்பா அன்று வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். அவரிடம் மன்னிப்புக் கடிதம் ஒன்றைக் காட்டி, மகளைக் கையெழுத்துப் போடச் சொல்லும்படி கேட்டார்கள். 'அவள் என்ன தப்பு செய்தாள் என்று சொல்லுங்கள், நானே போடச் சொல்கிறேன்' என்றார் அவர். அவருக்கும் பதில் கிடைக்கவில்லை.

என் சக ஆசிரியர்களே, நம்முடைய மௌனத்தை மாணவர்கள் கவனிக்கிறார்கள். பேசினால் பதவி உயர்வு தள்ளிப்போகும், வேண்டாத பொறுப்புகள் வந்து சேரும் என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்தப் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று ஐந்து பேரில் ஒருவராவது அந்த விதிநூலைக் கையில் எடுத்திருந்தால் போதும். எதிர்த்துப் பேசக்கூட வேண்டியதில்லை. 'எந்த விதி என்று பார்த்துவிடுவோம்' என்று ஒரு வாக்கியம் சொன்னால், அந்த அறையில் நடந்த அத்தனையும் அங்கேயே நின்றிருக்கும்.

அதனால் உங்களிடம் கேட்பவை இவைதான். எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்பதைக் கல்வியாண்டு தொடங்கும்போதே எழுதி, எல்லோர் கையிலும் கொடுங்கள். அந்தக் கடைசிப் பக்க வரியை எடுத்துவிடுங்கள். புகார் கொடுத்தவரே நீதிபதியாக உட்காராத குழுவை அமையுங்கள். அதில் மாணவர் பிரதிநிதிக்கு இடமும் வாக்கும் இருக்கட்டும். குற்றத்தை எழுத்தில் கொடுங்கள், ஆதாரத்தைக் காட்டுங்கள், துணைக்கு ஒருவரை அழைத்து வர அனுமதியுங்கள். மேல்முறையீட்டுக்கு வழி வையுங்கள். விசாரணை முடியும்வரை தேர்வு எழுதுவதைத் தடுக்காதீர்கள், ஏனென்றால் தேர்வு திரும்பி வராது. மனு கொடுத்தால் இத்தனை நாளுக்குள் பதில் என்று ஒரு கெடு வையுங்கள். அந்தக் கெடு இருந்திருந்தால் எங்கள் படிக்கட்டில் யாரும் உட்கார்ந்தே இருக்க மாட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அந்த மாணவியின் முகவரியைத் தேடிப் பிடித்து, ஒரு கடிதம் எழுதினேன். 'எந்த விதியும் இல்லை. அது எனக்கு அன்றிரவே தெரியும்' என்று எழுதினேன். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கு இல்லை.

உங்கள் வளாகத்தில் அடுத்த விசாரணை எப்போது என்று எனக்குத் தெரியாது. அது நடக்கும்போது, மேசையின் மறுபக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். வருகிறவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். விதிநூலைத் திறந்து அவர் பக்கமாகத் திருப்பி வையுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர்